ரோஸ் வழக்கும் பார்வை நரம்பு வீக்கப் பரிந்துரைகளும்

ரோஸ் வழக்கு என்பது, கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக இங்கிலாந்தில் கண் பரிசோதகர் ஒருவர் மீது தொடுக்கப்பட்ட குற்றவியல் வழக்கு ஆகும். பார்வை நரம்பு வீக்க ஐயத்துடன் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவோரின் எண்ணிக்கையை நோயின் பரவல் மட்டுமன்றி வெளி நிகழ்வுகளும் மாற்றும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பின்னணி

மண்டையறைக்குள் அழுத்தம் மிகும்போது அது பார்வை நரம்பின் உறை வழியே பரவி, விழியின் பின்புறத்திலுள்ள நரம்பு வட்டை வீங்கச் செய்கிறது. மூளைக் கட்டி, நீர்த்தலை போன்றவற்றை இவ்வீக்கம் காட்டிக்கொடுக்கலாம்.

2012 பெப்ரவரியில் இப்சுவிச் நகரில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் வழமையான கண் பரிசோதனைக்கு அழைத்து வரப்பட்டான். அன்று எடுத்த விழித்திரைப் படங்களில் வீக்கம் பதிவாகியிருந்தது. எனினும் அவன் மருத்துவமனைக்கு அனுப்பப்படவில்லை. ஐந்து மாதங்களின் பின் நீர்த்தலையால் இறந்தான். தமக்கு வேறு படங்களே காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பரிசோதகரின் வாதம். 2016 இல் அவருக்கு இரண்டு ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 31 சூலை 2017 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. முறையாகப் பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதைக் கொண்டு, மரண ஆபத்தை அவர் முன்னுணர்ந்திருக்க வேண்டும் எனக் கொள்ளவியலாது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

தாக்கம்

2016 தீர்ப்பின் பின்னர் இவ்வகைப் பரிந்துரைகள் பெருகியதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இயல்பிலேயே நெருக்கமாக அமைந்த வட்டும், சுண்ணாம்புப் படிவு கொண்ட வட்டும் வீக்கம் போலவே தோன்றும். ஐயத்துடன் அனுப்பப்படுவோரில் பலர் இத்தகையோரே. ஆனால் மடலில் வீக்கம் என எழுதப்பட்டுவிட்டால், அன்றே அவசரப் பிரிவு, மூளைப் படம், சிலருக்கு முதுகுத் தண்டில் ஊசியிட்டு அழுத்தம் அளத்தல் என நீள்கிறது. சிறு குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க மயக்க மருந்தும் தேவைப்படலாம். அனுப்பாமல் விட்டால் வரும் தண்டனை பரிசோதகருக்கு. வீணாக அனுப்பினால் வரும் சுமை நோயாளிக்கும் மருத்துவமனைக்கும். இந்நிலையில் எப்பக்கம் சாய்வர் என்பது வெளிப்படை. வழக்கில் நிகழ்ந்ததோ ஐயத்துக்கிடமான வட்டைத் தவறாக மதிப்பிட்டதன்று. உரிய படம் பார்க்கப்படாமற் போனது. ஐயங்களை எல்லாம் அனுப்புவதால் அக்குறை தீராது.

பிற காரணிகள்

உயர்வு முழுவதையும் வழக்கின் மேல் ஏற்றுவது பொருந்தாது. விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி கண்ணாடிக் கடைகளில் பரவியதும், உடற்பருமனோடு தொடர்புடைய மண்டையறை உயரழுத்தம் இளம்பெண்களிடையே கூடியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான்.

2020 இல் கோவிட்-19 எதிர்த்திசையில் இயங்கியது. இங்கிலாந்தில் வழமையான கண் பரிசோதனைகள் சூன் வரை நிறுத்தப்பட்டமையால், தொல்லை ஏதும் உணராதவரிடம் வீக்கம் தற்செயலாகக் கண்டறியப்படும் வழி அம்மாதங்களில் அடைபட்டிருந்தது. இப்சுவிச் சிறுவன் சென்றதும் அவ்வகைப் பரிசோதனைக்கே.