ஆடியில் பிரித்தால் சித்திரையில் பிறக்காதா?



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புதிதாய்க் கல்யாணமான பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவதும், அதற்கென்று சீர் செய்ய அவர்கள் கடன்படுவதும் இன்றைக்கும் நடந்து வருகிற காரியங்களாகும். எதற்காக இந்தப் பிரிவினை என்று கேட்டால், "ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடிக்கு ஆகாது" என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்களோ, "அப்படியல்ல, வெயிலில் பிரசவமானால் தாய்க்குக் கஷ்டம் என்று முன்னோர்கள் யோசித்து வைத்தது" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். வெயிலுக்குப் பயந்த முன்னோர்கள் வைகாசியை ஏன் விட்டார்கள்? அக்கினி நட்சத்திரம் சித்திரை 21-ல் துவங்கி வைகாசி 14 வரை காய்கிறதே!

நிற்க. ரெட்டிபாளையத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்த சங்கதி இது. மருமகள் ஆடி முழுவதும் தாய்வீட்டிலிருந்து, ஆவணி 3-ம் தேதி திரும்பி வந்தாள். அடுத்த சித்திரை 12-ல் பிள்ளை பிறந்தது. உடனே தெருவிலுள்ள பெண்கள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "சித்திரையில் பிறந்ததானால் ஆடியிலல்லவா தரித்திருக்க வேண்டும்? ஆடியில் அவள் இங்கே இல்லையே!" மாமியார் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவள் பச்சை உடம்போடு தாய்வீட்டில் மூன்று மாதம் அழுதுகொண்டு கிடந்தாள். சுண்ணாம்புக்கல் லாரியை எடை மேடையில் ஏற்றிக் கிலோ தப்பாமல் எடை பார்க்கிற ஊரில், ஒரு பெண்ணின் மானத்தை எடைபோட மாத்திரம் விரல் கணக்குப் போதுமாம்!

கணக்குத்தானே வேண்டும்? பார்ப்போம். டாக்டர்கள் சொல்லும் பிரசவ தேதி எப்படி வருகிறது? கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுகிறார்கள். ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. மொத்தம் 280 நாள். நாம் "பத்து மாதம்" என்பதும் 28 நாள் மாதமாய் எண்ணினால் இதே 280-தான். நெகேல் என்ற ஜெர்மன் வைத்தியர் பேரால் வழங்குகிற இந்தக் கணக்கு இருநூறு வருஷத்துப் பழக்கம். கருத் தரித்தது விலக்கிலிருந்து பதினான்காம் நாள் என்று இது வைத்துக்கொள்கிறது. எல்லாப் பெண்களுக்கும் அப்படியே நடக்குமா? நடப்பதில்லை.

2013-ல் அமெரிக்காவில் ஜூகிக் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 125 கர்ப்பங்களில், கரு முட்டை வெளிப்பட்ட நாளையே சிறுநீர்ப் பரிசோதனையால் கண்டுபிடித்து, அதிலிருந்து எண்ணினார்கள். நடுக் கணக்கு 268 நாள். அதாவது பாதிப் பேர் அதற்கு முன்னும் பாதிப் பேர் அதற்குப் பின்னும் பெற்றார்கள். குறைமாதப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தும்கூட, ஒரு கர்ப்பத்துக்கும் இன்னொன்றுக்கும் 37 நாள் வரை வித்தியாசம் இருந்தது. பொதுவாகவே சரியாக 280-ம் நாளில் பெறுகிறவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்தால் கருவின் வயது ஏறக்குறையத் தெரியும். பிள்ளை வெளியே வரும் நாள் அதற்கும் தெரியாது.

இனி ஆடிக்கு வாருங்கள். ஆவணி 1-ல் கருத் தரித்தால் 268-வது நாள் எது? சித்திரை 29! ஆடியை ஒழுங்காய் அனுசரித்தவனுக்கும் நடுக் கணக்கே சித்திரையில்தான் விழுகிறது. ஆனிக் கடைசியில் தரித்ததற்குப் பங்குனிக் கடைசி. ஒரு வாரம் தாமதித்தால் அதுவும் சித்திரை. மேற்சொன்ன மருமகளின் பிள்ளையோ, ஆவணி 3-ல் தரித்திருந்தால் 249 நாள். டாக்டர் கணக்கில் 37 வாரம் தாண்டியது. முழுவதும் இயற்கையான பிரசவம். இதில் எங்கே வந்தது கற்புப் பிரச்சினை?

இங்கிலாந்தில் 1921-ல் ஒரு வழக்கு. புருஷன் ஊரைவிட்டுப் போய் 331 நாள் கழித்துப் பிள்ளை பிறந்ததென்று விவாகரத்துக் கேட்டான். அவ்வளவு நாள் கர்ப்பம் நீடிப்பது அசாத்தியமென்று சொல்ல முடியாது என்று கோர்ட்டார் அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நம் தெருக் கோர்ட்டுக்கு இருபது நாள் முன்னதாகப் பிறந்ததே தண்டனைக்குப் போதும்!

இன்னொரு கொடுமை இப்போது புதிதாய் முளைத்திருக்கிறது. சித்திரை வருமுன் பங்குனியிலேயே ஜோசியன் குறித்த நாழிகையில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துவிடச் சொல்லுகிறார்கள். 2019-21 குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். எல்லாம் ஜோசியனால் என்று நாம் சொல்லவில்லை. ஆபத்தில் ஆபரேஷன் உயிர் காக்கிறது. 41, 42 வாரமாகியும் வலி வராவிட்டால் டாக்டர் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் காரணமின்றி 39 வாரத்துக்கு முன்னே அறுத்தெடுத்த பிள்ளைகள் அதிகமாய் மூச்சுத் திணறுகின்றன. நுரையீரல் பழுக்கு முன்னே பறித்த காய் அது. தலையெழுத்தைப் பிரம்மா எழுதினான் என்றால் அதைக் காசு கொடுத்துக் கத்தியால் திருத்துவது எப்படி? திருத்தலாமென்றால் பிரம்மாவுக்கு என்ன வேலை?

அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14. பாரதிதாசன் அதே வருஷம் ஏப்ரல் 29. இரண்டும் சித்திரை. இவர்களால் எந்தக் குடி கெட்டது?

அந்த வீட்டுப் பெரியவரிடம் பஞ்சாங்கத்தையே விரித்து வைத்து இந்தக் கணக்கைக் காட்டினோம். அவர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா ஆவணியிலயும் பிரிச்சு வைக்கணுமாப்பா?" என்றார். "ஆனியிலும் பிரிக்க வேண்டும் ஐயா, அப்போதும் நிச்சயம் சொல்ல முடியாது" என்றோம். பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "நாளைக் காலை மொத பஸ்ஸுக்குப் போய் மருமகளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாடா" என்று மகனைப் பார்த்துச் சொன்னார்.