வீட்டுத் தெலுங்குக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவருக்குக் குறைந்தது மூன்று மொழியாவது தெரிந்திருக்கும். கேரளத்திலிருந்து வருகிற பக்தரிடம் மலையாளத்தில் விலை சொல்வார். அடுத்த நிமிடமே கர்நாடகத்துக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார். இதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறோம். அதே அடிவாரத்தைக் கூட்டி அள்ளுகிறவர்களின் குடியிருப்பில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், "இன்னும் தமிழ் வரலையா?" என்ற கேள்வி வருகிறது. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவதுதான். ஓரிடத்தில் அது திறமையாகவும் இன்னோரிடத்தில் குறையாகவும் எப்படி மாறுகிறது? சாதியைப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்கு இது வெறும் ஆய்வுத் தலைப்பு அல்ல. நான் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பத்தில் பிறந்தவள். என் இணையர் தமிழ் பேசும் பறையர் குடும்பம். எங்கள் மகளுக்கு நான்கு வயது ஆகிறது. என் அம்மாவை அவ்வா என்று கூப்பிட்டு 'நீள்ளு' கேட்பாள். அப்பத்தாவிடம் போனால் 'தண்ணி' கேட்பாள். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்குள்ள தெலுங்க நிறுத்திருங்க" என்று இரண்டு பக்கத்து உறவினர்களும் சொல்கிறார்கள். அதிலும் என் பக்கத்து உறவினர்கள்தான் அழுத்திச் சொல்கிறார்கள். அவர்கள் பட்டது அப்படி.

அவர்கள் மொழியைக் கண்டு பயப்படவில்லை, மொழி காட்டிக் கொடுப்பதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் அருந்ததியரில் கணிசமானோர் வீட்டில் தெலுங்கும், சிலர் கன்னடமும் பேசுகிறோம். கூடவே உடை, தெரு, செய்யும் வேலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, வாய் திறந்த உடனே எங்களை 'இன்னார்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது அம்மாவிடம் கைப்பேசியில்கூடத் தெலுங்கில் பேசாமல் தவிர்க்கும் எத்தனையோ இளைஞர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். நிறம் தெரியாத, பெயர் தெரியாத இடத்திலும் பேச்சு காட்டிக் கொடுக்கும். பிள்ளையிடம் தெலுங்கை நிறுத்தச் சொல்லும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பிள்ளைக்கு ஒரு கவசம் தேடுகிறார்கள்.

ஆனால் தெலுங்கு பேசுகிற எல்லோருக்கும் இந்தக் கவசம் தேவைப்படுகிறதா? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர், மக்கள்தொகையில் 5.87 விழுக்காடு. இதில் நிலவுடைமைச் சாதிகளும் உண்டு, வணிகச் சாதிகளும் உண்டு. நாயக்கர் காலத்துப் பாளையக்காரர்கள் பலரின் வீட்டு மொழி தெலுங்குதான். நம் ஊர்ப்பக்கத்து ஆயக்குடியும் அப்படி ஒரு பாளையம்தான். பண்ணையார் வீட்டுத் தெலுங்கைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. பெரியாரின் தாய்மொழி கன்னடம். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அவர் சிறை சென்றபோது அவருடைய வீட்டு மொழி அதற்குத் தடையாக இருக்கவில்லை. ஆக, தமிழ்நாட்டில் இன்னொரு மொழி பேசுவது மட்டுமே குற்றம் என்று ஆகிவிடாது. பேசுகிறவர் சேரியிலிருந்து வந்தவராக இருந்தால் மட்டும் அது குற்றம் ஆகிறது.

இந்தப் பொதுப்புத்திக்கு அரசியல் வடிவமும் உண்டு. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் நாம் தமிழர் கட்சியின் சீமான், அருந்ததியர்கள் விஜயநகர ஆட்சிக் காலத்தில் தூய்மைப் பணிக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்ற பொருளில் பேசினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. அந்தப் பேச்சு மேடையோடு முடியவில்லை. 'வந்தேறிக்கு எதற்கு உள்ஒதுக்கீடு?' என்ற கேள்வியாக இன்றும் உலவுகிறது.

பதில் எளிது. நீதியரசர் எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2009-ல் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு சட்டமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி என்று ஏழு சாதிப் பெயர்கள் இருக்கின்றன. எந்த மொழியின் பெயரும் இல்லை. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளை உள்வகைப்படுத்துவது செல்லும் என்று 6-1 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பும் யார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் அளக்கச் சொல்கிறது. வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்குத் தனிக் குவளை வைத்தவர்களும், மலக்குழிக்குள் இறங்கச் சொன்னவர்களும் எந்த மொழியில் சொன்னார்கள்? இந்த ஊர் மொழியில்தான்.

இனி குழந்தைகளுக்கு வருவோம். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை குழம்பிப் போகும், படிப்பில் பின்தங்கும் என்ற பயம் உலகம் முழுக்க இருந்தது. 1962-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பத்து வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகள், ஒரே மொழி தெரிந்த அதே வர்க்கத்துப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகள் பலவும் ஏழைப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுவிட்டு, வறுமையின் விளைவை மொழியின் மேல் சுமத்தியிருந்தன. நம் ஊரில் இன்றும் அதுதான் நடக்கிறது. அருந்ததியர் பிள்ளை வாசிப்பில் தடுமாறினால் வீட்டுத் தெலுங்கைக் காரணம் சொல்கிறார்கள். அந்த வீட்டில் வாசிக்க வெளிச்சம் இருக்கிறதா, விடியற்காலையிலேயே அம்மா வேலைக்குப் போய்விடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

சமூகவியல் மாணவர்கள் வில்லியம் லபோவைப் படித்திருப்பீர்கள். 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்த அவர், அது முறையான இலக்கணமும் தர்க்கமும் உள்ள பேச்சு என்று நிறுவினார். 1979-ல் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கில், வீட்டு மொழியை ஆசிரியர்கள் புரிந்துகொண்டு வாசிப்பைக் கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற வேண்டியது ஆசிரியரின் காது என்றுதான் அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன்.

தோழர்கள் சிலர் நியாயமான ஒரு கேள்வி கேட்பார்கள்: எங்களுக்குத் தேவை நல்ல தமிழும் ஆங்கிலமும், வேலைக்கு உதவாத தெலுங்கை ஏன் சுமக்க வேண்டும்? முதல் பாதியை முழுதாக ஏற்கிறேன். நான் தெலுங்கு வழிப் பள்ளி கேட்கவில்லை. 2006 தமிழ் கற்றல் சட்டத்தை எதிர்த்து மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நடத்திய வழக்குகளிலும் எங்கள் பிள்ளைகள் இல்லை. பெரும்பாலும் அவர்கள் படிப்பது தமிழ்வழி அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும்தான். தமிழ் எங்கள் மொழியும்தான். ஆனால் தமிழைக் கற்பதற்குத் தெலுங்கை அழிக்க வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' இதழை மராத்தியில் நடத்தினார். 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு மொழி தன் மக்களோடு பேச, இன்னொன்று உலகத்தோடு வாதாட. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தது.

நாங்கள் தெலுங்கை விடும்போது விட்டுப்போவது பேச்சு மட்டும் அல்ல. எங்கள் பாட்டிமார்களின் ஒப்பாரியும் குலக்கதைகளும் நாற்றுநடவுப் பாட்டும் எந்த நூலிலும் அச்சேறாதவை. அவை அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. பேத்திக்கு மொழி புரியாவிட்டால் அவை அங்கேயே முடிந்துபோகும். தெலுங்கு நிலவுடைமையாளர்களின் மொழி மட்டுமும் அல்ல. தீண்டப்படாதவன் நுழைய முடியாத கோயிலுக்குள் வௌவால் போக முடிகிறதே என்று, அதையே சிவனிடம் தூது அனுப்பிய குர்ரம் ஜாஷுவாவின் 'கப்பிலம்' (1941) எழுதப்பட்ட மொழி அது. 1994-ல் ஆந்திரத்தில் உள்ஒதுக்கீடு கேட்டுக் கிளம்பிய மாதிகா இயக்கத்தின் மொழியும் அதுதான். என் மகள் பெரியவளாகி அந்த வரலாற்றை மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்க முடியும் என்றால், அந்த வசதியை நான் ஏன் பிடுங்க வேண்டும்?

தெலுங்கை விட்டுவிட முடிவு செய்யும் குடும்பத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அது விருப்பத்தால் வந்த முடிவா, அவமானத்தால் வந்த முடிவா? பயந்து விடுவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

ஆகவே, களத்தில் இருக்கும் மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள். ஒன்று: உங்கள் பகுதி அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் கேலி செய்வது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அதைச் சாதி இழிவுபடுத்தலாகவே எடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளின் தாய்மொழிக்கு வசதி செய்துதர முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவே சொல்கிறது. குறைந்தபட்சம் கேலியாவது இல்லாமல் இருக்கட்டும். இரண்டு: மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறவர்கள், பிள்ளை தெலுங்கில் பதில் சொன்னால் அதை ஏற்று, தமிழில் திருப்பிச் சொல்லிக் கொடுங்கள். 'தப்பு' என்று தொடங்காதீர்கள். மூன்று: எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. உங்கள் தெருவின் மூத்த பெண்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பாட்டையும் கதையையும் பதிவு செய்யுங்கள்.

பறையர், பள்ளர் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'வந்தேறி' என்ற சொல் நம் கூட்டங்களில் கிண்டலாக விழும்போது சிரித்துவிட்டுக் கடக்காதீர்கள். அந்தச் சொல் என் மகளில் பாதியை இந்த ஊருக்குச் சொந்தமில்லை என்கிறது. மீதிப் பாதி உங்களுடையது.

ஜெய்பீம்.