வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும்

ஒரு ஹெட்லைட் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? கார் அக்சஸரீஸ் கடைக்காரர், பக்கத்து ஃப்ளாட்காரர், யூடியூபில் பல்பு மாற்றிக் காட்டும் தம்பி, யாரைக் கேட்டாலும் ஒரே அளவுகோல்தான்: “எவ்ளோ பிரைட்டா இருக்கு?” நான் இதை மறுக்கிறேன். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது ஹெட்லைட்டின் பாதி வேலை. எங்கே விழாமல் நிற்கிறது என்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியை நாம் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டோம். அதனால்தான் இருட்டிய பிறகு நம்மூர் இருவழிச் சாலையில் வண்டி ஓட்டுவது, எதிரே வருகிறவர் மனது வைத்தால் வீடு திரும்பலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நான் வெளியாள் இல்லை. என் காரின் இரண்டு ஹெட்லைட்டையும் கழற்றி, பிரித்து, உள்ளே புரொஜெக்டர் பொருத்தி, மறுபடி ஒட்டி மாட்டியவன். இதைச் சொன்னதும் நண்பர்கள், “அப்போ நீயும் அந்தக் கூட்டம்தானா?” என்கிறார்கள். இல்லை. அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது.

முதலில் நம் சின்னக் கார்களில் பரவலாக இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பைப் பார்ப்போம். 1971இல் வந்த வடிவமைப்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் குட்டியாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். மெக்கானிக் தூக்கிப் போட்ட பல்பு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறித்துவிடுகிறது. மிச்ச வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. கிண்ணம் இல்லையென்றால் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டது மேல்நோக்கிக் கிளம்பி எதிரில் வருகிறவர் முகத்துக்குப் போயிருக்கும். அதாவது அந்தப் பல்பை வடிவமைத்தவர்கள், தாங்கள் உண்டாக்கிய வெளிச்சத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே வீணாக்கியிருக்கிறார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால்கூட சாலையில் விழும் வெளிச்சத்தின் வடிவம் கலைந்துவிடும். அந்த இடத்தில்தான் நாம் ஆன்லைனில் வாங்கிய எல்.இ.டி பல்பைச் சொருகுகிறோம். அதற்குள் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சிப்புகள்தான். நடுவில் தகட்டின் தடிமன் வேறு. ஹாலஜன் இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளிரும். சிப் தான் பார்க்கும் பக்கம் மட்டும் ஒளிரும். கிண்ணத்தைப் பார்த்து ஒரு கிண்ணத்தை இதிலும் ஒட்டியிருப்பார்கள். ரிஃப்ளெக்டர் அந்த ஏமாற்றுக்கு மயங்காது. எங்கெங்கோ பட்டு, எங்கெங்கோ சிதறும். மரத்தின் உச்சியும் பிளெக்ஸ் பேனரும் பளிச்சென்று தெரியும். “சார், பகல் மாதிரி இருக்கும் சார்” என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. உங்களுக்குப் பகல் மாதிரிதான் இருக்கும்.

லூமென் கணக்கையும் பார்த்துவிடலாம். எச்4 பல்புக்கான நிர்ணய அளவு லோ பீமில் 1,000 லூமென், ஹை பீமில் 1,650. எல்.இ.டி பெட்டிகளின் மேல் 12,000, 20,000 என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் கதை. கதையை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். திசை இல்லாத 20,000 லூமெனை வைத்து என்ன செய்வது? தொட்டியே இல்லாத வீட்டுக்குப் பெரிய மோட்டார் வாங்கிய கதைதான். தண்ணீர் நிறைய வரும், தெருவெல்லாம் ஓடும்.

என் தொழிலில் ஒரு வாக்கியம் இழிபுகழ் பெற்றது: “என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது.” பயனர் கதறும்போது, தன் கணினியில் பிரச்சினை தெரியவில்லை என்பதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்லும் புரோகிராமரின் பதில். ஹெட்லைட் இந்த நோயின் உச்சம். உங்கள் ஹெட்லைட்டின் பிழையை உங்களால் பார்க்கவே முடியாது. அதைப் பார்க்கும் ஒரே ஆள் எதிரே வருகிறவர். அவர் புகார் கொடுக்க உங்களிடம் இடமில்லை. இரண்டு முறை டிப் அடித்துக் காட்டுவார். நீங்களோ, “நான் லோ பீம்லதானே வர்றேன், இவனுக்கு என்ன?” என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள்.

அவருக்கு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஹெட்லைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லோ பீம் முறையாக அமைந்தால் அதன் மேல்விளிம்பு ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் பத்து சென்டிமீட்டர் இறங்கும். எழுபதாவது மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். அதே விளிம்பு கிடைமட்டத்துக்கு ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கியிருந்தால், ஐம்பது மீட்டர் தள்ளி அதன் உயரம் சுமார் 157 சென்டிமீட்டர். கார் ஓட்டுகிறவர், பைக் ஓட்டுகிறவர், சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளை, எல்லோருடைய கண்ணும் அதற்குள் அடக்கம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். கண் கூசி மூன்று நொடி எதுவும் தெரியவில்லை என்றால், 66 மீட்டர் குருடராக ஓட்டியிருக்கிறோம். அந்த 66 மீட்டரில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று நிற்கலாம்.

நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாக அரளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. எதிர்ப்பக்க வெளிச்சம் கண்ணில் படாமல் மறிப்பது அதன் முக்கிய வேலை. ஹெட்லைட்டுக்குள் இருக்க வேண்டிய மறைப்பைச் செடி செய்துகொண்டிருக்கிறது. இருவழிச் சாலையில் நடுவே ஒரு வெள்ளைக்கோடுதான். அதுவும் பல இடங்களில் அழிந்திருக்கும்.

இனி அந்தத் தகட்டுக்கு வருகிறேன். புரொஜெக்டர் ஹெட்லைட்டில் வெளிச்சத்தைக் குவிக்கும் கிண்ணத்துக்கும் முன்னால் இருக்கும் குண்டு லென்ஸுக்கும் நடுவே ஒரு உலோகத் தகடு நிற்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பதால், தகடு கீழ்ப்பாதியை மறைக்க, சாலையில் மேல்பாதி இருட்டாகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. ஹை பீம் வேண்டுமென்றால் ஒரு சின்ன மின்காந்தம் தகட்டைக் கீழே சாய்த்துவிடும். இடது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கான புரொஜெக்டரில் அந்தக் கோடு நேர்கோடாகவும் இருக்காது. எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்து, சாலையோரம் நடப்பவர்களும் பெயர்ப்பலகைகளும் இருக்கும் இடப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இத்தனை யோசித்திருக்கிறார்கள்.

இதை வீட்டில் பொருத்துவது ஒரு முழு வாரயிறுதி வேலை. பம்பரைத் தளர்த்தி ஹெட்லைட்டை எடுக்க வேண்டும். கண்ணாடி என்று நாம் சொல்லும் முன்மூடி உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சுமார் 145 டிகிரியில் இளகத் தொடங்கும். அதை ஒட்டியிருக்கும் பியூட்டைல் பசை 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். இந்த இடைவெளிக்குள் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும். சில கார்களில் இறுகிப்போகும் பசையைப் போட்டிருப்பார்கள், அது சூட்டுக்கு அசையாது. பிரித்த பிறகு புரொஜெக்டரைப் பழைய பல்பின் துளையில் நிறுத்தி, சாயாமல் நட்டு இறுக்கி, தனி ரிலே வயரிங் கொடுத்து, புதுப் பசையில் மூடி, மழைநீர் புகாமல் பார்க்க வேண்டும். இவ்வளவும் பாதி வேலைதான். மீதிப் பாதி சுவரின் முன் நடக்கிறது. சமதரையில், டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்து, பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, வெட்டுக்கோடு விளக்கின் மையத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே வரும்வரை திருகு திருகாகத் திருப்ப வேண்டும்.

இந்தச் சுவர் வேலைக்குப் பொறுமை இல்லாதவர் ஹெட்லைட்டில் கைவைக்கக் கூடாது. என் சக ரெட்ரோஃபிட் ஆர்வலர்களோடும் எனக்குச் சண்டை இங்கேதான். லென்ஸைச் சுற்றி வளையம் போடவும், உள்ளே சிவப்பாகப் பேய்க்கண் மினுக்கவும் இரண்டு நாள் செலவழிப்பவர்கள், கோட்டைச் சரிசெய்ய இருபது நிமிடம் செலவழிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கான புரொஜெக்டரை வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அதில் கோடு வலப்பக்கம் உயரும். எதிரில் வருகிறவர் கண்ணுக்குத் தனியாகப் படிக்கட்டு போட்டுக் கொடுத்த மாதிரி. வெளிச்சத்தின் நிறமும் அப்படித்தான். நீலம் கூடக்கூட எதிராளிக்குக் கூச்சம் கூடும், ஆனால் ‘வெள்ளையா இருந்தாத்தான் கெத்து.’

சரி, சட்டம் என்ன செய்கிறது? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. இந்தக் கண்ணுக்கு, வெட்டுக்கோடு வைத்துச் சுவரில் அளந்து பொருத்திய விளக்கும், கண்ணைக் குத்தும் எல்.இ.டி பல்பும் ஒன்றுதான். இரண்டும் ‘மாற்றம்.’ தயாரிப்பாளர் கொடுத்ததா இல்லையா என்பதே கேள்வி. எதிரே வருகிறவருக்குக் கண் தெரிகிறதா என்பது கேள்வியே இல்லை. கம்பெனியிலிருந்தே உயரமான எல்.இ.டி விளக்குகளோடு வந்து, திருகு நகர்ந்து வானத்தைப் பார்த்து அடிக்கும் எஸ்.யூ.வி இந்தச் சட்டத்தில் உத்தமன்.

அதைப் பிடிக்கவும் வழியில்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதுவரை அது தகுதிச் சோதனைக்கு வர வேண்டியதில்லை. ஜப்பானில் புதுக் கார் மூன்று வருடம் கழித்தும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹெட்லைட்டை ஒரு கருவியின் முன் நிறுத்தி, ஒளி போகும் திசையையும் செறிவையும் அளப்பார்கள். ஜெர்மனியிலும் இதே கால அளவில் ஹெட்லைட்டின் சாய்வைப் பார்க்கிறார்கள். அங்கே 2020இலிருந்து சில எல்.இ.டி மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் எந்தெந்தக் கார் மாடலில் சோதித்துத் தேறியதோ அந்த மாடலுக்கு மட்டும். பல்பு நல்லதா என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை, எந்த ரிஃப்ளெக்டருக்குள் நல்லது என்பதே கேள்வி என்று புரிந்துகொண்ட விதி அது.

“அப்போ எவனும் எதையும் மாத்தாம இருந்தாப் போதுமே?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். மக்கள் ஏன் மாற்றுகிறார்கள்? கோடு அழிந்த சாலையில், விளக்கில்லாத வளைவில், மாடு படுத்திருக்கும் இருட்டில் மங்கலான ஹாலஜனோடு ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பயம்தான் பல்பு வாங்க வைக்கிறது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கேலிக்குரியது வேறொன்று. நல்ல புரொஜெக்டரும் எல்.இ.டியும் பல மாடல்களில் டாப் வேரியன்டுக்குத்தான் கிடைக்கும், சன்ரூஃபோடும் பெரிய டச் ஸ்கிரீனோடும் சேர்த்து. பாதை தெரிவது சொகுசா? ஏர்பேக்கையும் ஒரு காலத்தில் இப்படித்தான் விற்றார்கள், பிறகு முன்னிருக்கை இரண்டுக்கும் கட்டாயம் ஆனது. வெட்டுக்கோடுள்ள லோ பீமும் அடிப்படை வேரியன்டிலேயே கட்டாயம் ஆகட்டும். ஆனால் அதுவரை, உங்கள் பயத்தை எதிரே வருகிறவர் கண்ணுக்கு மாற்றிவிடுவது தீர்வாகாது. அவரும் பயந்து இதே பல்பை வாங்குவார். பிறகு இரண்டு பேருக்கும் தெரியாது.

என் கோரிக்கை ஒன்றுதான். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகள் வருடத்துக்கு ஒருமுறை புகைச் சான்றிதழுக்குப் போகின்றன. அங்கேயே, புகைக்குழாயில் கருவியைச் சொருகும் நேரத்தில், முன்பக்கம் ஒரு ஹெட்லைட் அளவுப்பெட்டியை நகர்த்தி வையுங்கள். சக்கரம் வைத்த, உள்ளே லென்ஸும் திரையும் உள்ள எளிய கருவிதான் அது. கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கம்பெனி விளக்கோ, கடை விளக்கோ, வீட்டில் பிரித்துப் பொருத்தியதோ, கோடு சரியாக இருந்தால் சான்றிதழ் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள். வண்டியின் பின்னால் வரும் புகையை அளக்கத் தெரிந்த அரசுக்கு முன்னால் வரும் வெளிச்சத்தை அளப்பது பெரிய வேலையில்லை.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேரும், டிக்கி நிறைய ஊர் அரிசியும் ஏறினால் கார் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் மேலே பார்க்கும். அப்போது அதைக் கீழே இறக்கத்தான் அந்தச் சக்கரம். எண் கூடக்கூட வெளிச்சம் தாழும். வாங்கிய நாளிலிருந்து அது 0இலேயே கிடப்பதைத்தான் நான் ஏறிய கார்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு பைசா செலவில்லை, பிரிக்க வேண்டியதில்லை, சட்டமும் குறுக்கே வராது. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது அதைத் திருப்பிவிட்டுக் கிளம்புங்கள்.