பதிவும் பாக்கியும்

விருதுநகரில் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் விற்கும் வணிகர், அன்றாடம் நடந்ததைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுவதும், பின்னர் ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிந்து பாக்கி காண்பதும் நெடுநாளைய வழக்கம். குறிப்பேடு எத்துணைத் திருத்தமாக இருப்பினும், பேரேடு பாராத கடையில் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது விளங்காது. கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர்க்கும் இவ்வழக்கம் இன்றியமையாதது என்பதே நம் கருத்து.

சி மொழியில் எழுதிய நிரல், தனக்கு வேண்டிய நினைவகத்தை ‘மாலாக்’ என்பதனால் கேட்டுப் பெறும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ என்பதனால் திருப்பித் தரவேண்டும். திருப்பாது விடுவதையே நினைவகக் கசிவு என்பர். லினக்ஸ் கணினிகளிலுள்ள குனூ சி நூலகம் இக்கொடுக்கல் வாங்கலைக் கோப்பொன்றில் பதிய வழி செய்திருக்கிறது. பெற்றதற்குக் கூட்டற்குறி, திருப்பியதற்குக் கழித்தற்குறி. எண்களோ பதினாறின் அடிப்படையில் அமைந்தவை. அங்கே 64 என்று கண்டால் நம் கணக்கில் அது 100 பைட்டு. இத்தகைய வரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பின் கண்ணால் ஒத்துப் பார்த்தல் ஆகாத காரியம்.

இதற்கெனவே ‘எம்டிரேஸ்’ என்னும் கருவி உளது. கட்டளை வரியில் அதன் பெயரையும், நிரலின் பெயரையும், பதிவுக் கோப்பின் பெயரையும் எழுதினால் போதும். பெற்றதையும் திருப்பியதையும் நேர்செய்து, பாக்கி நின்றவற்றை மட்டும் முகவரி, அளவு, பெற்ற இடம் என்று வகுத்துத் தரும். நிரலைத் தொகுக்கையில் பிழைதிருத்தக் குறிப்புகளைச் சேர்த்திருந்தால், மூலநிரலின் வரி எண்ணையே காட்டிவிடும்.

நிரல் முடிந்ததும் இயங்குதளம் அனைத்தையும் மீட்டுக்கொள்ளுமே, இக்கவலை எதற்கு என்பார் உளர். அவர் கூற்று மெய்யே. ஆயினும், இரவு பகல் ஓயாது ஓடும் நிரல்களும் உள அல்லவா? லண்டன் மாநகரின் ஆம்புலன்ஸ் வண்டிகளை அனுப்பிவந்த கணினி, 1992 நவம்பர் 4 அதிகாலையில் நின்றுபோயிற்று. வண்டிக்கு உத்தரவு செல்லுந்தோறும் சிறிதளவு நினைவகம் திருப்பப்படாமல் தங்கி, சுமார் மூன்று வாரங்களில் முழுவதும் தீர்ந்துபோனதே காரணம்.

சிறு மீதி பெருங்கேடாகும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. கலந்த பட்டாசு மருந்து அன்றே செலவாகாமல் அறையில் தங்குவது விபத்துக்கு வழி என்பதை அவர்கள் நன்கு அறிவர். காலையில் எடுத்ததையும் மாலையில் மிஞ்சியதையும் ஒத்துப் பார்ப்பது அங்கே உயிர்காக்கும் செயலாகும்.

கருவி இடத்தைக் காட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. இறுதிவரை வேண்டுமென்றே வைத்துக்கொண்ட நினைவகத்தையும் அது பாக்கியென்றே சொல்லும். எது குற்றம், எது தேவை என்று ஆராய்வது நிரல் எழுதியவர் கடமை. பதிவு ஒரு மூலபாடம். உரை காணாத மூலம் பயன் தராது. ஆதலின், நிரல் சரியான விடை தந்துவிட்டது என்று மகிழ்வதோடு நில்லாமல், அது பெற்றதையெல்லாம் திருப்பியதா என்று பார்த்த பின்னரே ஆசிரியரிடம் ஒப்படைப்பது என நம் மாணவர் விதி செய்துகொள்வாராக. ஆசிரியரும் அப்பாக்கிக் கணக்கைக் கேட்டு வாங்கிய பின்னரே மதிப்பெண் இடுவாராக.