நாற்றின் வயதும் நாளைக்கு என்ற பேச்சும்

நாற்றங்காலில் விதைத்த அன்றே நாற்றுக்கு வயது ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகங்களை 18 முதல் 22 நாட்களுக்குள் பிடுங்கி நட வேண்டும் என்பது நெல் விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. இருந்தும் 30, 35 நாள் நாற்று வயலுக்குப் போவதைப் பல ஊர்களில் காணலாம். கேட்டால், “இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போய்விட்டது” என்பார்கள்.

முதிர்ந்த நாற்றைக் கொத்தாக நட்டால், 3 வாரத்துக்குள்ளேயே தாய்த் தூரில் நோஞ்சான் கதிர் தலைகாட்டிவிடும். அதில் மணி தேறாது. நட்ட பிறகு புதிதாக வெடிக்கும் தூர்களை நம்பித்தான் விளைச்சல். அவற்றைத் தூண்ட, அடியுரத் தழைச்சத்தைப் பரிந்துரை அளவைவிடப் பாதி கூட்டி இட வேண்டும். ஆக, தள்ளிப்போட்ட நாட்களுக்கு உரக்கடையில் ரொக்கமாகவே வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். விடியுமுன் மாட்டுக்குத் தீனி வைத்து, மடை திருப்பிவிட்டு வருபவரைச் சோம்பேறி என்பது அநியாயம். தள்ளிப்போகும் வேலையைக் கூர்ந்து பார்த்தால், அதற்குப் பின்னால் முடிவெடுக்காத ஒரு காரியம் நிற்கும். டிராக்டர் வாடகைக்குப் பணம் புரளவில்லை; கடன் கேட்கக் கூச்சம். நடவு ஆட்களைக் கூட்டிவருபவருக்குப் போன பருவத்துப் பாக்கி இருக்கிறது. முகம் கொடுக்கத் தயக்கம். இதனால் சேறடிப்பது நிற்கிறது. நாற்று மட்டும் நிற்பதில்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே கூட்டத்தில் இருபது பரிந்துரைகளை அடுக்கினால், கேட்டவர் எதில் தொடங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மண் பரிசோதனைக்கு எடுத்த அரை கிலோ மண் பையோடு பரணில் கிடப்பது இப்படித்தான்.

காத்திருப்பது எல்லாமே தள்ளிப்போடுவது ஆகாது. வயலில் சிலந்திகள் இல்லாதபோது தூருக்கு 1 புகையான் என்ற அளவை எட்டும்வரை மருந்தடிக்காமல், தூரைத் தட்டி எண்ணிக்கொண்டிருப்பவர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவரால் சொல்ல முடியும். தள்ளிப்போடுபவரால் சொல்ல முடியாது.

விதை ஊறப்போடும் நாளிலேயே டிராக்டர்காரரிடமும் நடவு ஆட்களிடமும் தேதி பேசிவிடுவது நல்லது. பாக்கி இருந்தால் முழுவதும் சேரட்டும் என்று இராமல், ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுப் பேசலாம். பேச்சு தொடங்கினாலே பாதி வேலை நகர்ந்துவிடும். நடவுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, வீட்டுப் பெண்களிடமும் சொல்லிவைக்க வேண்டும். மறந்தாலும் அவர்கள் விடமாட்டார்கள். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து நாள் குறித்தால் இன்னும் நல்லது. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது எளிதல்ல.

நடவு முடிந்த உடனேயே அடுத்த கெடு வந்துவிடும். பூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லியை நட்ட 3 முதல் 5 நாட்களுக்குள் இட வேண்டும். களை முளைத்து வெளியே வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. கைக்களை எடுக்க ஆள் தேட வேண்டியதுதான். நாற்றங்கால் விட்டிருப்பவர்கள் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டே நடவைத் தொடங்கலாம்.