பொடியளைக் குவிச்சால் அணியாகுமோ?

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் 'மறுகட்டமைப்பு' எண்டொரு சொல் இருக்கிறது. ஒரு கழகம் தோற்றுக்கொண்டே இருந்தால் நிர்வாகம் இந்தச் சொல்லைத் தூக்கி ஆதரவாளர்களுக்கு முன்னால் வைக்கும். மூத்த வீரர்களை விற்கிறோம், பதிலுக்கு ட்ராஃப்ட் தெரிவுகளை வாங்குகிறோம், பதினெட்டு வயதுப் பொடியளை எடுக்கிறோம், அஞ்சு வருசம் பொறுங்கோ. கேட்க நல்லாத்தான் இருக்கு. இளையவர்களை நம்புகிறார்கள் எண்டு எங்களைப் போன்றவர்கள் கைதட்டிவிடுவோம். நாங்கள் தட்டப் போவதில்லை.

மெல்பேர்னில் மாமாவோ மச்சாளோ இருக்கிறவைக்கு இந்த விளையாட்டுப் பழக்கம். மற்றவைக்குச் சுருக்கமாக: ஏ.எஃப்.எல்.லில் 18 கழகங்கள். பருவம் முடிந்ததும் ஒக்ரோபரில் ட்ரேட் காலம் வரும். கழகங்கள் வீரருக்கு வீரரையும், வீரருக்கு ட்ராஃப்ட் தெரிவையும் மாற்றிக்கொள்ளும். பிறகு நவம்பரில் ட்ராஃப்ட். கடைசி இடத்தில் வந்த கழகம் நாட்டிலுள்ள சிறந்த இளம் வீரரை முதலாவதாக எடுக்கலாம். 1986 இலிருந்து நடக்கிற ஏற்பாடு இது. பலவீனமான கழகத்துக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம்.

ஆனால் அந்தப் பொடியனிடம் எந்தக் கழகம், எந்த நகரம் எண்டு ஒருவரும் கேட்பதில்லை. பேர்த்தில் வளர்ந்தவனை மெல்பேர்ன் கழகம் கூப்பிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரே கழகத்தில் எட்டு வருசம் ஆடின மூத்த வீரருக்கு 2012 இலிருந்து வேறு கழகம் தேடும் உரிமை இருக்கிறது. புதிதாய் வருகிறவனுக்கு அது இல்லை. ஆகவே 'இளைஞர்களை நம்புகிறோம்' எண்ட வசனத்தை, தெரிவு செய்ய உரிமையில்லாத ஒரு பிள்ளையின் தோளில் பெரியவர்களின் தோல்வியை ஏற்றுகிறார்கள் எண்டுதான் நாங்கள் வாசிக்கிறோம்.

மிகைப்படுத்துகிறோமா? மெல்பேர்ன் கழகத்தைப் பாருங்கோ. 2008 இலும் 2009 இலும் கடைசி இடம். 2008 ட்ராஃப்டில் முதல் தெரிவு ஜாக் வொட்ஸ். அடுத்த வருசம் முதல் தெரிவும் இரண்டாம் தெரிவும் அவர்களுக்கே: டொம் ஸ்கலி, ஜாக் ட்ரெங்கோவ். காகிதத்தில் இதைவிட நல்ல எதிர்காலம் கிடையாது. வொட்ஸ் முதன்முதலாக இறங்கியது 2009 ஜூனில், கொலிங்வூட்டுக்கு எதிரான பெரிய ஆட்டத்தில். அப்போது அவர் பாடசாலையின் கடைசி வருசத்தில் படித்துக்கொண்டிருந்தார். பந்தைத் தொட்டதுமே எதிரணிக்காரர் கூட்டமாய் விழுந்து அமுக்கினார்கள். உடம்பு இன்னும் முற்றாத பொடியனை அந்த இடத்தில் இறக்கியது ஆர்? மெல்பேர்னைக் காப்பாற்ற வந்தவர் எண்ட பாரத்தோடுதான் அவர் அங்கே கிடந்த அத்தனை வருசமும் போனது.

அதே கழகம் 2010 முடிவில் தன் அணித்தலைவர் ஜேம்ஸ் மக்டொனால்டை ஓய்வுபெற வைத்தது. இளையவர்களுக்கு இடம் விடவாம். அனுபவசாலியான கமரன் புரூஸும் அந்த நேரமே ஹோதோர்னுக்குப் போய்விட்டார். அடுத்த வருசம், 2011 ஜூலை 30, ஜீலோங்குக்கு எதிரான ஆட்டம்: 233க்கு 47. 186 புள்ளிகளால் தோல்வி. பயிற்றுவிப்பாளரின் வேலை போனது. ஸ்கலி அந்த வருச முடிவிலேயே புதிதாய்த் தொடங்கிய ஜீ.டபிள்யூ.எஸ். கழகத்துக்குப் போனார். ட்ரெங்கோவை 2012 இல் இருபது வயதில் இணை அணித்தலைவர் ஆக்கினார்கள். ஏ.எஃப்.எல். வரலாற்றிலேயே ஆக இளம் தலைவர். இதைப் பெருமையாகவும் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, இருக்கிற பிள்ளையிடம் திறப்பைக் கொடுப்பதில் என்ன பெருமை?

இதில் ஒரு பகிடியும் உண்டு. மெல்பேர்ன் வேண்டாமெண்ட மக்டொனால்டை 2012 இல் ஜீ.டபிள்யூ.எஸ். சேர்த்துக்கொண்டது. அந்த அணியில் பெரும்பாலும் பொடியள்தான். அதனால்தான் லூக் பவர், சாட் கோர்ன்ஸ், டீன் புரோகன் போன்ற வயதான ஆட்களையும் தேடி எடுத்தார்கள். முதல் பருவத்தில் நிறையத் தோற்றார்கள்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெரியாட்கள் வேண்டுமெண்டு அவர்களுக்காவது விளங்கியிருந்தது.

எதிர்த்தரப்பின் நல்ல உதாரணத்தை நாங்கள் மறைக்கவில்லை. 2001 இல் ஃபிரிமான்டில் கழகம் முதல் தெரிவோடு 20ஆவதையும் 36ஆவதையும் ஹோதோர்னுக்குக் கொடுத்து ட்ரென்ட் குரோட்டையும் லூக் மக்ஃபார்லினையும் வாங்கியது. குரோட் இரண்டு பருவம் ஆடிவிட்டு ஹோதோர்னுக்கே திரும்பிப் போனார். ஹோதோர்ன் முதல் தெரிவில் லூக் ஹொட்ஜையும், 36 இல் சாம் மிட்செலையும் எடுத்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கு நாலு கிண்ணம். 'பாத்தியளே, ட்ராஃப்ட்தான் சரி' எண்டு இருபது வருசத்துக்கு மேலாய் இதையே சொல்கிறார்கள்.

சரி, ஹொட்ஜ் போய்ச் சேர்ந்த இடம் எது? அந்த வருசம் அரையிறுதி வரை வந்து ஒன்பது புள்ளிகளால் தோற்ற அணி. ஷேன் குரோஃபோர்ட் போன்ற மூத்தவர்கள் உள்ளே இருந்தார்கள். பிறகு 2013, 2014, 2015 எண்டு தொடர்ந்து மூன்று கிண்ணம் வென்ற ஹோதோர்னைப் பாருங்கோ: ஷோன் பர்கோயின், ஜோஷ் கிப்சன், டேவிட் ஹேல், ஜாக் கன்ஸ்டன், பிரையன் லேக். எல்லாரும் வேறு கழகங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 2013 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் லேக்தான். ட்ராஃப்ட் விதை போட்டது உண்மை. தண்ணி விட்டது ட்ரேட்.

கார்ல்டனின் கதையும் உண்டு. 2007 இல் கிறிஸ் ஜட்டை வாங்குவதற்காக இளம் ஜோஷ் கென்னடியையும் மூன்றாம், இருபதாம் தெரிவுகளையும் வெஸ்ட் கோஸ்டுக்குக் கொடுத்தார்கள். கென்னடி அங்கே 700க்கு மேல் கோல் அடித்து 2018 இல் கிண்ணமும் வென்றார். நட்டம்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதே கார்ல்டன் 2005, 2006, 2007 எண்டு தொடர்ந்து மூன்று முதல் தெரிவுகளை வைத்திருந்தது: மேர்ஃபி, கிப்ஸ், குரூசர். மூவரில் ஒருவர்கூட இறுதிப்போட்டியில் ஆடவில்லை. கென்னடி மலர்ந்ததோ, தன் சொந்த மாநிலத்தில், ஒரு வருசத்துக்கு முன்னம்தான் கிண்ணம் வென்ற மூத்தவர்களுக்கு நடுவில். முதல் தெரிவை வைத்துக்கொண்டு வளர்க்கத் தெரியாதவனுக்கு இரண்டாவது கொடுத்தென்ன, மூன்றாவது கொடுத்தென்ன.

அதைவிட, ட்ராஃப்ட் ஒரு ஊகம். அதே 2001 இல் டேன் ஸ்வானை 58ஆவதாக எடுத்தார்கள். பிற்காலத்தில் பிரவுன்லோ பதக்கம் வென்றார். மெல்பேர்ன் ஸ்கலியையும் ட்ரெங்கோவையும் முதலில் எடுத்த அதே ட்ராஃப்டில் 34ஆவதாக எடுத்தவர்தான் மக்ஸ் கோன். 2021 இல் கிண்ணத்தைத் தூக்கிய தலைவர் அவர். அந்த 2021 அணியில் பெட்ராக்கா, ஒலிவர் எண்டு ட்ராஃப்டில் வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ட்ரேட்டில் வந்த மேயும் லீவரும் பின்னால் நின்று காவல் காத்தார்கள். இடைப்பட்ட வருசங்களில் டானியல் குரோஸ், பேர்னி வின்ஸ், ஜோர்டன் லூவிஸ் போன்ற அனுபவசாலிகள் வந்து ஆடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. அவர்கள் வந்த வேலை அதுவுமில்லை.

கோல்ட் கோஸ்ட் 2011 இல் சேர்ந்தது. நல்ல தெரிவுகளை அள்ளிக் குவித்தது. 2024 வரை ஒருமுறைகூட இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. கரி அப்லெட் இருந்தாரே எண்டு கேட்பீர்கள். ஒரு அண்ணன் இருபது தம்பிமாரைச் சுமக்க ஏலாது. ரங்கினும் லுகோசியஸும் வளர்ந்து வேறு கழகங்களுக்குப் போனார்கள். 2025 இல் கடைசியாய் உள்ளே வந்தபோது ரோவெலும் அண்டர்சனும் அங்கேயே வளர்ந்த ஆட்கள்தான். ஆனால் பக்கத்தில் ரிச்மண்டில் கிண்ணங்கள் வென்ற டானியல் ரியோலி இருந்தார், பயிற்றுவிப்பாளராக டேமியன் ஹார்ட்விக் இருந்தார்.

ரியோலியை விட்டது ஆர்? ரிச்மண்ட். 2024 இல் கடைசியாக வந்து, ரியோலியையும் ஷாய் போல்டனையும் லியாம் பேக்கரையும் ஒரே ட்ரேட் காலத்தில் கொடுத்துவிட்டு ட்ராஃப்ட் தெரிவுகளை வாங்கி அடுக்கினார்கள். முதல் தெரிவு சாம் லேலர். நல்ல பொடியன், நல்லா வரவேணும். ஆனால் எதிரணி விழுந்து அமுக்குகிறபோது அவனுக்கு முன்னால் ஆர் நிற்கப் போகிறார்கள் எண்டு ரிச்மண்ட் ஆதரவாளர்கள் தங்கட நிர்வாகத்திடம் இப்பவே கேட்க வேணும்.

கேட்கத் தயங்கினால் பிரிஸ்பேனைக் காட்டுங்கோ. 2017 இல் கடைசி இடம். ஓய்வை அறிவித்திருந்த லூக் ஹொட்ஜை, ஃபிரிமான்டில் கைவிட்ட அதே ஹொட்ஜை, கெஞ்சிக் கேட்டு ட்ரேட்டில் கூட்டிவந்தார்கள். 33 வயதில் வந்து இரண்டு பருவம் ஆடினார். 2018 இல் அஞ்சு வெற்றி. பிறகு லக்கி நீலையும் வாங்கினார்கள். 2019 இல் 16 வெற்றி, பட்டியலில் இரண்டாம் இடம். பின்வரிசையில் ஹொட்ஜுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய இளைஞர் ஹரிஸ் அன்ட்ரூஸ், 61ஆவது தெரிவு. 2024 இலும் 2025 இலும் நீலோடு சேர்ந்து இணைத்தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கியவர் அவர்தான்.