நெல்லி டீன் வெறும் சாளரமா?

எமிலி பிராண்ட்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' புதினம் 1847-இல் வெளிவந்தது. அதைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் நம் சங்கத்தில் சிலரேனும் இருப்பர். கதை சொல்லும் பணிப்பெண் நெல்லி டீன் ஒரு சாளரம். அதன் வழியே ஹீத்கிளிஃபையும் காதரினையும் கண்டால் போதும் என்றே எனக்குக் கற்பித்தார்கள். பி.ஏ. தேர்வில் நானும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றேன். இன்று அதனை மறுக்கிறேன்.

சாளரம் எதையும் மறைத்து வைக்குமா? அடுக்களைக் காட்சியை நினைவுகூருங்கள். ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவு என்கிறாள் காதரின். மறைவில் கிடந்த அவன் அதைக் கேட்டு எழுந்து போவதை நெல்லி பார்த்துவிடுகிறாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. அவனே தன் உயிர் என்று காதரின் அடுத்துக் கூறுவது அவன் செவியில் விழவே இல்லை. இரவு உணவு சமைத்து முடிந்த பிறகே நெல்லி உண்மையைச் சொல்கிறாள். அதற்குள் அவன் போய்விட்டான். திரும்பி வர மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பின்னர் எட்கரின் மனைவியான காதரின், மூன்று நாள் உண்ணாமல் அறைக்குள் கிடக்கிறாள். நெல்லி அதை நடிப்பென்று தானே தீர்மானித்துக்கொண்டு, கணவனுக்கு ஒரு சொல்லும் தெரிவிக்கவில்லை. அதே நெல்லிதான், பின்னொரு நாள் எல்லோரும் கோயிலுக்குச் சென்ற வேளையில் ஹீத்கிளிஃபின் கடிதத்தைக் காதரினிடம் சேர்க்கிறாள். அவன் உள்ளே வருகிறான். அன்றிரவே காதரின் இறக்கிறாள்.

கோப்புகளில் குறிப்பெழுதி வயிறு வளர்ப்பவன் நான். எந்தத் தாளை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பது, எதை நாளைக்கு ஒத்திப்போடுவது என்பதில் ஒருவனுடைய வாழ்வே அடங்கிவிடுவதுண்டு. 'நான் வெறும் எழுத்தன்' என்று சொல்லித் தப்பித்த நாட்கள் எனக்கும் உண்டு. நெல்லியின் குரல் எனக்குப் பழக்கமானது.

அதனால்தான் 1958-இல் ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற திறனாய்வாளர் அவளையே கதையின் கொடியவள் என்று எழுதியதையும் என்னால் ஏற்க இயலவில்லை. கொடியவருக்குத் திட்டம் இருக்கும். அவளுக்கு இருந்ததெல்லாம் வீடு அமைதியாக இருக்கவேண்டும் என்ற கவலையும், தனக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்புமே. இரண்டும் நல்ல பணியாளரின் குணங்கள் என்றே உலகம் மெச்சுகிறது!

அவள் கதை சொல்வதும் ஒரு செயலே. கேட்பவன் லாக்வுட், வாடகைக்கு வந்த, மணமாகாத செல்வன். நோயுற்றுப் படுத்திருக்கும் அவனிடம், காதரினின் மகளைக் கண்டு விரும்பாதார் இருக்க முடியாது என்கிறாள். விதவையாகிவிட்ட அப்பெண் மறுமணம் செய்துகொண்டாலன்றி அவளுக்கு விடிவில்லை என்றும் கூறிவிட்டு, அதை ஏற்பாடு செய்வது தன் வேலையன்று என்று ஒதுங்கிக்கொள்கிறாள்.

லாக்வுட் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டான்.